அந்த மனுவிலிருந்து நம் சங்கத்தின் பெயரை எடுத்துவிடுங்கள்

வடக்கு டெக்சாஸில் நாம் சேர்ந்து நடத்தும் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவுக்கும், அதன் வாட்ஸப் குழுவில் இருக்கும் அத்தனை குடும்பங்களுக்கும் வணக்கம்.

நான் யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் உங்கள் பிள்ளைகளுக்கு ல, ள, ழ சொல்லிக்கொடுக்கிறவள். பதினேழு வருஷமாக இந்த ஊர். குழுவில் எழுதினால் மற்றச் செய்திகளுக்கு அடியில் போய்விடும், ஒருத்தர் ஒருத்தராகப் பேசினால் பேச்சு வேறு மாதிரி திரிந்துவிடும், அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி எல்லை மாற்றத்தை எதிர்த்துப் போன மாதம் ஒரு மனு சுற்றியது இல்லையா, அதைப் பற்றித்தான். நம் பக்கத்து நாலைந்து தெருக்கள் அடுத்த வருஷத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தொடக்கப் பள்ளிக்குப் போகும் என்கிறார்கள். மனுவின் முதல் இரண்டு பத்தியில் தூரம், காலை நேர நெரிசல், பிள்ளைகள் நெடுஞ்சாலையைத் தாண்டிப் போகணும் என்கிற கவலை. அதெல்லாம் நியாயம்தான், அதைப் படித்துவிட்டுத்தான் நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது பத்தியை அன்றைக்கு நான் சரியாகப் படிக்கவில்லை, அது என் தப்பு. ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைகள் பெரும்பான்மையாக இருக்கும் சூழல் நம் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும், அக்கம்பக்கத்தின் தன்மையே மாறிவிடும் என்று அதில் எழுதியிருக்கிறது. கீழே, ஆதரவு தரும் அமைப்புகள் என்ற இடத்தில் நம் சங்கத்தின் பெயர். பொதுக்குழுவில் யாரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதற்கப்புறம் குழுவில் ஒரு நண்பர், ‘அந்த ஏரியா முழுக்க மெக்சிகன் படையெடுப்புதான்’ என்று எழுதினார். பன்னிரண்டு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். அவர் கெட்டவர் இல்லை, என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், அம்மா தவறியபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான். ஆனால் அந்த வார்த்தையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2019 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, பள்ளி திறக்கப்போகிற நேரம், பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் வாங்க எல் பாசோவில் ஒரு வால்மார்ட்டுக்கு வந்த கூட்டத்தைச் சுட்டவன் எங்கிருந்து போனான்? ஆலனிலிருந்து. நாம் கடைக்கும் கோயிலுக்கும் போகிற வழியில் இருக்கிற அதே ஆலன். பத்து மணி நேரம் கார் ஓட்டிப் போய் 23 பேரைக் கொன்றான். சுடுவதற்குச் சற்று முன் இணையத்தில் அவன் போட்டுவைத்ததில் இருந்த வார்த்தை இதுவேதான், ஹிஸ்பானிக் படையெடுப்பு. நண்பர் அதை நினைத்து எழுதவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த வார்த்தை இந்த மண்ணில் எங்கெல்லாம் போய் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நாம் அதை எடுத்துப் புழங்கக் கூடாது.

சரி, யார் எங்கே படையெடுத்தார்கள் என்று பார்க்கலாம். லத்தீன் அமெரிக்க வேர் உள்ளவர்களை லத்தீனோ என்பார்கள், ஹிஸ்பானிக் என்பதும் பெரும்பாலும் அவர்களைத்தான். 2010 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் லத்தீனோ மக்கள் 5 கோடியே 5 லட்சம், 2020-ல் 6 கோடியே 21 லட்சம். அந்தப் பத்து வருஷத்தில் இந்த நாட்டில் கூடிய மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். நம் டெக்சாஸில் 2022 நிலவரப்படி அவர்கள் 40.2 சதவீதம், ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர்கள் 39.8 சதவீதம், அதாவது மாநிலத்தின் மிகப் பெரிய சமூகமே இப்போது அவர்கள்தான். அரசுப் பள்ளி மாணவர்களில் பாதிக்கு மேல் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இதையெல்லாம் பார்த்ததும் ‘எல்லாம் எல்லை தாண்டி வந்தவர்கள்’ என்று நம்மவர்கள் சொல்லிவிடுகிறார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் இங்கேயே பிறந்தவர்கள் ஐயா. நம் குழுவில் இருக்கிற பெரியவர்களில் எத்தனை பேர் இங்கே பிறந்தோம்?

அதற்கும் முன்னால் போனால், சான் அன்டோனியோ ஊரே 1718-ல் ஸ்பானியர் காலத்தில் எழுந்தது. டெக்சாஸ் மெக்சிகோவின் ஒரு பகுதியாக இருந்தது, 1836-ல் பிரிந்தது, 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தது, 1848-ல் மெக்சிகோவோடு நடந்த போர் முடிந்து ஒப்பந்தம் ஆனபோது கலிபோர்னியா வரைக்கும் அமெரிக்காவின் கைக்குப் போனது. அங்கே இருந்த குடும்பங்கள் வீட்டைவிட்டு ஓர் அடி நகரவில்லை, நாடுதான் மாறியது. ‘நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது’ என்று அவர்கள் சொல்வது கோஷத்துக்காக இல்லை.

அப்புறம் இந்த ‘மெக்சிகன்’. நாம் எல்லோரையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். மெக்சிகோ வேர் உள்ளவர்கள் பெரும்பான்மை, உண்மை. ஆனால் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். எல் சால்வடோரிலிருந்து வந்த குடும்பங்களில் நிறையப் பேர் 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் உயிர் தப்பி ஓடிவந்தவர்கள். நம் சங்கத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள், போரில் வீட்டைப் பூட்டாமல் கிளம்புவது என்றால் என்னவென்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நம்மைப் பார்த்து யாராவது ‘நமஸ்தே, நீங்கள் ஹிந்தி பேசுவீர்களா’ என்று கேட்டால் நமக்கு எப்படி முகம் சுருங்குகிறது! அவர்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?

‘நாம் வரிசையில் நின்று வந்தோம், அவர்கள் வரிசையை உடைத்து வந்தார்கள்’ என்பதுதான் குழுவில் அடிக்கடி வரும் வாதம். இதை நானும் ரொம்ப வருஷம் நம்பினேன். பிறகுதான் 1965 குடியேற்றச் சட்டத்தைப் பற்றிப் படித்தேன். நாம் இந்த நாட்டுக்கு வர முடிந்ததே அந்தச் சட்டத்தால்தான், அதற்கு முன் இந்தியாவுக்கென்று இருந்த ஒதுக்கீடு வருஷத்துக்கு 100 பேர். ஆனால் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு அதே சட்டம்தான் முதல்முறையாக எண்ணிக்கை வரம்பு போட்டது. அதற்கு முந்தின வருஷம் வரை, 1942 முதல் 1964 வரை, பிராசெரோ என்ற திட்டத்தில் அமெரிக்க அரசே ஒப்பந்தம் போட்டு மெக்சிகோவிலிருந்து பண்ணை வேலைக்கு ஆள் கூப்பிட்டது, அந்த இருபத்திரண்டு வருஷத்தில் போட்ட ஒப்பந்தங்கள் 40 லட்சத்துக்கு மேல். பண்ணை அப்படியே இருந்தது, பயிர் அப்படியே இருந்தது, வேலைக்கு ஆள் வேண்டும் என்கிற தேவையும் அப்படியே இருந்தது, முறையான வழி மட்டும் சுருங்கிப்போனது. 1976-ல் ஒரு நாட்டுக்கு இத்தனைதான் என்று இன்னும் இறுக்கினார்கள். நமக்குக் கதவைத் திறந்த கைதான் அவர்கள் கதவில் தாழ் போட்டது. இன்றைக்கு நம்மவர்கள் கிரீன் கார்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கிறார்களே, அதற்குக் காரணமான, வருஷத்துக்குத் தரும் கிரீன் கார்டில் ‘ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம்’தான் என்கிற கணக்கில் மெக்சிகோவும் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. இங்கே குடிமகனாக இருக்கும் அண்ணன், மெக்சிகோவிலிருக்கும் தம்பியைக் கூப்பிட மனுப் போட்டால் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நிற்பதற்கு வரிசையே இல்லாத ஒரு கூலித் தொழிலாளியைப் பார்த்து ஏன் வரிசையில் நிற்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி மொழிக்கு வருகிறேன். எனக்கு மனசு தாங்காதது இதுதான்.

மேற்கு டெக்சாஸில் மார்ஃபா என்று ஒரு சின்ன ஊர். அங்கே மெக்சிகன் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கின பிளாக்வெல் பள்ளி. 1954-ல் ஒருநாள் அங்கே பிள்ளைகளைக் கூட்டி, ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, ஸ்பானிஷில் ஒரு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அந்தச் சீட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு, சவ அடக்கம் மாதிரியே, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைக்க வைத்தார்கள். மிஸ்டர் ஸ்பானிஷின் இறுதிச் சடங்கு என்று அதற்குப் பெயர். தாத்தா பாட்டியோடு பேசுகிற பேச்சை ஒரு குழந்தையின் கையாலேயே எழுத வைத்துப் புதைப்பது! அந்தப் பள்ளியை இப்போது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்துப் பாதுகாக்கிறார்கள். நம் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

மார்ஃபா ஏதோ ஒரு விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள். டெக்சாஸில் 1918-லிருந்து பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவது குற்றம். ஸ்பானிஷ் பேசினால் அடி, அபராதம், பள்ளி விட்டபிறகும் உட்காரவைப்பது. 1968 நவம்பரில் எட்கவுச்-எல்சா என்ற இரட்டை ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியே நடந்தார்கள். ஸ்பானிஷ் பேசினால் தண்டிக்காதே என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. 1965-ல் மொழிக்காகத் தெருவுக்கு வந்த மாணவர்களின் ஊரிலிருந்து வந்த நமக்கு இதை யாராவது விளக்கிச் சொல்ல வேண்டுமா? 1969-ல் அந்தப் பழைய சட்டம் போனது, 1973-ல் இருமொழிக் கல்விச் சட்டம் வந்தது. இன்றைய விதிப்படி ஒரு பள்ளி மாவட்டத்தில் ஒரே வகுப்பு மட்டத்தில், ஒரே மொழி பேசும், ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற பிள்ளைகள் 20 பேர் இருந்தால் அவர்களுக்கென்று மொழித் திட்டம் நடத்தியாக வேண்டும். அது ஸ்பானிஷாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தமிழாகவும் இருக்கலாம். அடிபட்ட பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த விதி அது, நமக்கும் சேர்த்துத்தான் வாங்கிக்கொடுத்தார்கள்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி என்னவென்று ஒரு படிவம் தருவார்கள். அதில் நம்மில் முக்கால்வாசிப் பேர் ஆங்கிலம் என்று எழுதுகிறோம். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு மொழித் தேர்வு வைப்பார்கள், தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று முன்னால் வந்தவர்கள் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். நானும் என் மூத்தவனுக்கு ஆங்கிலம் என்றுதான் எழுதினேன். பள்ளி அலுவலகத்தில் நீலப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்ததும், பக்கத்து நாற்காலியில் அவன் என்னிடம் ‘அம்மா, தண்ணி’ என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்ததும், அதைக் கேட்டுக்கொண்டே நான் ஆங்கிலம் என்று எழுதியதும் இன்னும் நினைவிருக்கிறது. இளையவளுக்குத் தமிழ் என்று எழுதினேன். அவளுக்குத் தேர்வு வைத்தார்கள், ஒரு வருஷம் கூடுதல் உதவி கிடைத்தது, ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை. ஆனால் அந்த ஒரு வருஷம் அவளும் அந்தக் கணக்கில்தான் இருந்தாள். மனுவின் மூன்றாவது பத்தி யாரைப் பார்த்துப் பயப்படுகிறதோ அந்தக் கணக்கில் என் மகள் இருந்தாள், உங்களில் சிலருடைய பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

சிரமமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் வேகமாகக் கூடுகிற இடத்தில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் தெரிந்த ஆசிரியர்கள் போதவில்லை. இரண்டு வேலை பார்க்கிற பெற்றோரால் மாலைக் கூட்டங்களுக்கு வர முடிவதில்லை. மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் நாட்டிலேயே அதிகம் இருக்கும் மாநிலம் இது, அவர்களில் பெரும்பகுதி லத்தீனோ மக்கள், பிள்ளைக்குப் பல்வலி என்றால்கூட அது பள்ளிக்கு வராத நாளாகிவிடுகிறது. இதெல்லாம் அந்தப் பள்ளியில் தெரியும். அதற்குப் பணமும் ஆசிரியரும் கேட்டு ஒரு மனுப் போட்டிருந்தால் நான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருப்பேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தப் பார்ப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் போனால் டைலர் என்ற ஊர். குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 1,000 டாலர் கட்டணம் என்று 1977-ல் அங்கே போட்டார்கள், நாலு குடும்பங்கள் பயந்துகொண்டே வழக்குக்குப் போயின, 1982-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் எந்தப் பிள்ளைக்கும் பள்ளிக் கதவை அடைக்கக் கூடாது என்றது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

அப்புறம், டாலஸுக்குப் பக்கத்து ஊரான பிளேனோவில் நடந்ததை யாராவது சொல்லுவீர்கள். 2022 ஆகஸ்டில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் நாலு இந்தியப் பெண்களைப் பார்த்து இந்தியாவுக்கே திரும்பிப் போங்கள் என்று கத்தி அடித்தாளே, அந்தப் பெண் தன்னை மெக்சிகன் அமெரிக்கர் என்றுதான் சொல்லிக்கொண்டாள். ஆமாம். அந்தக் காணொளியைப் பார்த்து நானும் அழுதேன், ஒரு மாதம் தனியாகக் கடைக்குப் போகவே பயந்தேன். தான் இங்கே பிறந்தவள், நீங்கள் வந்தேறிகள், இதுதான் அவள் பேச்சின் சாரம். முன்னால் வந்தவர்கள் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துப் பேசுகிற பேச்சு அது. அதை வாங்கி நாம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகள்மேல் போட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். அவர்களும் ஒரே மாதிரி யோசிக்கிறவர்கள் இல்லை. மெக்சிகோ எல்லையில் ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் ஓரத்தில் இருக்கும் ஸ்டார் கவுண்டியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் லத்தீனோ. நூறு வருஷத்துக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்கே போட்ட அந்த ஊர் 2024-ல் டிரம்புக்குப் போட்டது. நம் வீடுகளில் அப்பாவுக்கும் மகனுக்கும் அரசியலில் ஒத்துப்போகாத மாதிரிதான் அங்கேயும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். போன வருஷம் மே மாத ஆலங்கட்டி மழையில் நம் தெருவில் பாதி வீட்டுக் கூரை போனது இல்லையா. எங்கள் வீட்டுக்குக் கூரை மாற்ற ஏழு பேர் வந்தார்கள், விடியுமுன்னே. பழைய ஓடுகளை மண்வாரியால் பெயர்த்துக் கீழே தள்ளுகிற சத்தத்தில்தான் எழுந்தேன். பதினொரு மணிக்கெல்லாம் மேலே கால் வைக்க முடியாத சூடு, ஒருத்தர் மட்டும் ஒரு பழைய சோபா மெத்தையை வெட்டி அதன்மேல் மண்டி போட்டுக்கொண்டு ஆணி அடித்தார். நான் ஒரு பெரிய குடத்தில் நீர்மோர் கரைத்து, பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி போட்டு வெளியே வைத்தேன். அதில் வயசான ஒருத்தர், மெக்சிகோவில் குவானஹுவாட்டோ ஊர்க்காரர், ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார், மிளகாயைக் கையால் எடுத்துக் கடித்தார், ‘இது எங்கள் ஊர்க் காய்’ என்றார். உண்மைதான், மிளகாய் அங்கேயிருந்துதானே நம் ஊருக்கு வந்தது. தக்காளி, கொய்யா, பப்பாளி, சப்போட்டா எல்லாமே அந்தப் பக்கத்துச் சரக்கு, சப்போட்டாவுக்குப் பெயர்கூட அவர்கள் பழைய மொழியிலிருந்து வந்ததுதான். நாம் சௌசௌ வாங்க எந்தக் கடைக்குப் போகிறோம்? சாயோட்டே என்று எழுதி மலைமாதிரி குவித்து வைத்திருக்கிற அந்தக் கடைக்குத்தானே?

இருட்டுவதற்குள் கூரை முடிந்துவிட்டது. டாலஸ் நகரம் 2015-ல் ஒரு விதி போட்டிருந்தது, கட்டட வேலைக்காரர்களுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிஷம் ஓய்வு தரணும் என்று. அவ்வளவுதான், 10 நிமிஷம். 2023-ல் மாநில அரசு, நகரங்கள் தனியாக இப்படி விதி போடுகிற அதிகாரத்தையே எடுத்துவிடுகிற சட்டத்தைக் கொண்டுவந்தது. அவர்கள் வந்ததால் இந்த ஊர் என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்கள் தலையை நிமிர்த்தித் தங்கள் கூரையைப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2025 ஜனவரி 20 அன்று இங்கே பிறக்கிற குழந்தைக்குப் பிறப்பாலேயே கிடைக்கும் குடியுரிமையைச் சிலருக்கு மறுக்கும் ஆணையில் டிரம்ப் கையெழுத்துப் போட்டபோது, அது எல்லை தாண்டி வந்தவர்களுக்குத்தான் என்று நம் குழுவில் பலர் நிம்மதியாக இருந்தார்கள். படித்துப் பார்த்தால் அம்மா தற்காலிக விசாவில் இருந்து, அப்பாவுக்குக் கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லையென்றால் அந்தக் குழந்தைக்கும் இல்லை என்று இருந்தது. அதாவது நம்மவர்கள் வேலைக்கு வருகிற ஹெச்-1பி விசா, அவர்கள் மனைவி மக்கள் வருகிற ஹெச்-4 விசா. அன்றைக்கு நிறைமாதமாக இருந்த நம் பெண்கள் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டு அழுதார்கள். அதே நாளில் நீதிமன்றத்துக்கு ஓடியவர்களில் லுலாக் இருந்தது, 1929-ல் இதே டெக்சாஸில், கார்ப்பஸ் கிறிஸ்டியில், மெக்சிகன் அமெரிக்கர்கள் தொடங்கிய அமைப்பு. நீதிமன்றங்கள் அந்த ஆணைக்குத் தடை போட்டன. தமிழ்ச் சங்கம் எங்கே என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, அவர்களும் நம்மைக் கேட்கவில்லை.

ஆகவே செயற்குழுவிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மனுவிலிருந்து சங்கத்தின் பெயரை எடுத்துவிடுங்கள். தூரத்துக்காகவும் போக்குவரத்துக்காகவும் வேறு மனு எழுதினால் நானே எழுதித் தருகிறேன், ஸ்பானிஷிலும் எழுதி அந்தப் பள்ளிப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கலாம், அந்த நெடுஞ்சாலை அவர்கள் பிள்ளைகளுக்கும் ஆபத்துதான். அந்தப் பள்ளியில் ஆங்கிலப் பிள்ளைகளும் ஸ்பானிஷ் பிள்ளைகளும் சேர்ந்து இரண்டு மொழியிலும் படிக்கிற வகுப்பு ஒன்று நடக்கிறது, அதைப் பார்க்க ஒரு மாலை ஏற்பாடு செய்யுங்கள். மூன்றாவது மொழியைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகள் இல்லை நம் பிள்ளைகள். ‘படையெடுப்பு’ என்று எழுதிய நண்பர் அதை அழித்துவிட்டால் போதும், மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மூன்று மணிக்கே வந்துவிடுவேன், அந்த வீட்டு மொழிப் படிவத்தின் பிரதிகளை எடுத்துவருகிறேன், இந்த வருஷம் பிள்ளையைச் சேர்க்கப்போகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் மனுவின் இரண்டாம் பக்கத்தில், மேலிருந்து ஆறாவதாக இருக்கும் என் கையெழுத்தை அடித்துவிடுங்கள். அதற்கடுத்தது என் கணவருடையது, தன்னுடையதையும் அடித்துவிடச் சொன்னார்.

அன்புடன்,
உங்கள் சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை